ஏகாம்பரம் நீட்டிய பாவு

ஸ்டிரைக் தொடங்கிய இரண்டாவது வாரம், விடிந்தும் விடியாததுமாக எங்கள் தெருவில் ஒரு பாவு நீண்டு கிடந்தது. வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள் அதைத்தான் முதலில் பார்த்தேன். தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சி போட்டுக் காயவைக்கிற நெடுக்கு இழைகள், அரக்கு நிறப் பட்டு. அந்த முனையில் ஏகாம்பரம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த முனையில் அவன் பெண்சாதி கஞ்சிச் சட்டியோடு நின்றாள். நடுவில் ஓர் ஆள்கூட இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெருவில் வேறு எவன் பாவு நீட்டியிருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்த ஸ்டிரைக்கே ஏகாம்பரத்துக்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

சங்க வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் பெரிய பெரிய கேள்வியெல்லாம் கேட்கிறார்கள். சட்டம் எப்படி, பேச்சுவார்த்தை எப்படி என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் சங்கம் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் காலைப் பொழுதில்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

1. தராசு இருந்த அறை

காஞ்சிபுரத்தில், சேலையின் உடலையும் கரையையும் கோத்து நெய்கிற கோர்வைத் தறியில் வளர்ந்தவள் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் நெசவாளர் சங்கத்தின் தெருக் கமிட்டிக்கு வந்தேன். கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். டீ கிளாஸ் கழுவிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சிலர் நினைத்தார்கள். என் வாயைப் பற்றி அவர்களுக்கு அப்போது தெரியாது.

முதலாளி பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார். சேலையை முடித்துக்கொண்டு போனால் நிறுத்து வாங்குவார். தராசு உள் அறையில் இருக்கும். நாங்கள் நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். "சரியா இருக்குது" என்று வந்தால் பிழைத்தோம். "கொறையுதே" என்று வந்தால் தலை குனிய வேண்டும். பட்டு மழைக்காலத்தில் ஈரம் குடித்து எடை கூடும், வெயில் காலத்தில் காய்ந்து குறையும். இது முதலாளிக்குத் தெரியாதா? அவரும் தறி இருந்த வீட்டில் பிறந்தவர்தான். தெரிந்துகொண்டேதான் கேட்பார்.

ஏகாம்பரம் எனக்கு எதிர் வீடு. அதிகம் பேசமாட்டான். தறியில் உட்கார்ந்தால் அவன் குறுக்கிழை நாடா ஓடுகிற சத்தம்தான் கேட்கும். அந்தக் கோடையில் அவன் கொண்டுபோன முகூர்த்தச் சேலை எடை குறைந்தது. கடையில் கல்யாண வீட்டார் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் முதலாளி கேட்டார்: "ஜரிகைய எங்கடா வித்த?"

அவன் சேலையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் தறிக்குழியில் இறங்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன்.

"இன்னாடா, சோறு கூட துன்றதில்லையாமே?"

"யக்கா, எம் பசங்க ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதுக்கினு கெடக்குதுங்க. ஜரிகத் திருடன் புள்ளைங்கன்னு சொல்றாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்கே சங்க ஆபீசுக்குப் போய்ச் செயலாளரிடம் சொன்னேன். அவரும் தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்த மனிதர். அண்ணே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கமிட்டி கூடியது. நாங்கள் கூலியை ஏற்றிக் கேட்கவில்லை. தராசைக் கடைக்கு முன்னால், நெய்தவன் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். முதலாளிகள் மறுத்தார்கள். எங்கள் தெருக்களில் தறிச் சத்தம் நின்றது.

பிறகுதான் முதலாளி ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினார். "ஒரு பாவு எடுத்துக்கினு போ. நீ திருடன் இல்லன்னு நானே நாலு பேர்கிட்ட சொல்றேன்" என்றாராம். சங்கத்துக்குச் சொல்லாமல் அவன் போய் எடுத்து வந்துவிட்டான்.

2. மேகம்

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கஞ்சி போட, அறுந்த இழை முடிய, இறுக்கிப் பிடிக்க எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும். சண்டைக்காரனும் வருவான், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கயிற்றைப் பிடித்துவிட்டுப் போவான். நாளைக்கு அவன் பாவும் தெருவுக்கு வந்தாக வேண்டும். இரண்டு பேரால் பாவு நீட்டவே முடியாது.

அன்று யாரும் வரவில்லை. கதவுகள் திறந்துதான் இருந்தன. எல்லோரும் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஏகாம்பரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருந்தான். அவன் பெண்சாதி அழுதுகொண்டே கஞ்சி தடவினாள்.

செயலாளர் சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்கினார்.

"வேதவல்லி, ஒருத்தரும் தொடக்கூடாது. சொல்லிடு. இன்னிக்கு இவன் நெய்ய ஆரம்பிச்சா நாளைக்குப் பத்து தறி ஓடும். அப்புறம் நாம வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சொல்ல வேணாம்ணே. எவனும் நகரல பாருங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் மேற்கே தாமல் ஊர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. காற்று முதலில் வந்து தெருப் புழுதியை வாரி இறைத்தது. கஞ்சி ஈரம் காயாத பாவில் மழை விழுந்தால் இழையோடு இழை ஒட்டும், சாயம் இறங்கும். அதற்குப் பிறகு அது பட்டு இல்லை. இறுக்கம் விடாமல் ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால்தான் காப்பாற்றலாம். அதற்கு நடுவில் தாங்கிப் பிடிக்கப் பத்து கை வேண்டும்.

ஏகாம்பரம் தெரு நடுவில் நின்றுவிட்டான். முதல் முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்து யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமையை இழந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பாவு நனைந்தால் முதலாளி அவனை என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும். ஜரிகைத் திருடன், இப்போது பட்டையும் பாழாக்கினவன். அந்தப் பேரோடு அவனும் அவன் பிள்ளைகளும் இந்த ஊரில் எப்படி நடமாடுவார்கள்?

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

"வேதவல்லி!" என்று செயலாளர் கத்தினார். "இன்னா பண்ற நீ? ஸ்டிரைக்க ஒடைக்கிறியா?"

"திட்றதுன்னா அப்புறம் திட்டுங்கண்ணே. பாவு நனையப் போவுது!"

நான் போய் நடுவில் தாங்கியதும் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அடுத்த வீடு வந்தது. அதற்கடுத்த வீடும் வந்தது. அரைத் தெருவே பாவுக்குக் கீழே நின்றது. ஒருவரும் ஏகாம்பரத்தோடு பேசவில்லை. "இழு", "விடாதே", "மெல்ல" என்கிற சத்தம் மட்டும்தான். கடைசிச் சுற்று சுருட்டி அவன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகும்போது முதல் தூறல் எங்கள் முதுகில் விழுந்தது. ஓரமெல்லாம் கொஞ்சம் ஈரம்பட்டது, சாயம் தப்பித்தது.

வெளியே வந்து பார்த்தேன். செயலாளர் நனைந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

3. நிறுத்து வாங்கிக்கோங்க

மறுநாள் ஏகாம்பரம் அந்தப் பாவைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றான்.

"யக்கா, இத நான் நெய்யமாட்டேன். திருப்பிக் குடுக்கப் போறேன். கூட வர்றியா?"

நான் மட்டுமா போனேன்? தெருவே பின்னால் வந்தது. கடை வாசலில் அவன் பாவை இறக்கினான்.

"முதலாளி, இத நிறுத்து வாங்கிக்கோங்க. உள்ள வாணாம். இங்கயே நிறுங்க."

முதலாளி எங்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்தாரோ, இல்லை, இவன் மறுபடியும் மாட்டுவான் என்று நினைத்தாரோ தெரியாது. தராசை வெளியே கொண்டுவரச் சொன்னார். பாவை வைத்தார். கஞ்சியும் மழை ஈரமும் ஏறின பாவு, கொடுத்த எடையைவிடக் கூடுதலாக நின்றது.

ஏகாம்பரம் குரலை உயர்த்தவில்லை. "கொறஞ்சப்போ நான் திருடன்னு சொன்னீங்க. இப்ப கூடிக்கினு இருக்குது. இப்ப யாரு திருடன் முதலாளி?"

முதலாளி தராசுக் கற்களை எடுத்துக் கீழே வைத்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற காரியமாக அது எங்களுக்குத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து வந்த அந்தத் தராசு திரும்ப உள்ளே போகவில்லை. மற்ற கடைகளிலும் ஒவ்வொன்றாக முன்னால் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கின. இதையெல்லாம் வெற்றி என்று மேடையில் பேசினார்கள், நானும் கை தட்டினேன்.

ஆனால் ஏகாம்பரத்துக்கு அதற்குப் பிறகு ஊரில் ஒரு முதலாளியும் பாவு கொடுக்கவில்லை. அவனுக்காகப் போராடலாம் என்று கமிட்டியில் கேட்டேன். ஸ்டிரைக்கை உடைக்கப் பார்த்தவனுக்காக எப்படி என்றார்கள். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன், நடக்கவில்லை. கட்டுப்பாட்டை மீறினேன் என்று என்னையும் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். செயலாளர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. அன்று பத்து தறி ஓடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆனாலும் அந்த மனுஷன்மேல் ஒரு வருஷம் பேசாத கோபம் எனக்கு இருந்தது.

ஏகாம்பரம் குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்குப் போய் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான். இழை முடிகிற விரல்கள் அவனுக்கு.

சில வருஷம் கழித்து ஒரு நாள் பஸ் பிடித்து வந்து என் வாசலில் நின்றான். தோள்பட்டை காய்த்துப்போயிருந்தது. குரல் மட்டும் மாறியிருந்தது, இப்போது நிமிர்ந்து பேசினான்.

"யக்கா, அங்க மூட்ட நிறுக்கிற மிஷினை ரூமுக்குள்ள வச்சிருக்கானுங்க. கொறையுதுன்னு சொல்லித் தூக்கறவனத் திருடன்றாங்க. வெளிய வைக்கச் சொல்லிக் கேக்கப் போறோம். சங்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீ வர்றியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்குத் தெரியக்கூடாது என்று, "வந்தவன் மொதல்ல சாப்புடு" என்று அதட்டினேன். சாப்பிட்டு முடித்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். மில் விஷயத்தை ஏகாம்பரமே அவரிடம் சொன்னான். மன்னிப்பு, சமாதானம் என்று யாரும் எதுவும் பேசவில்லை. "எந்த மில்லு?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சங்க வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருத்தன் வழி தவறினால் திட்டுங்கள், சண்டை போடுங்கள், பேசாமல்கூட இருங்கள். அவன் பாவை மட்டும் நனைய விடாதீர்கள்.

அன்று வாலாஜாபாத் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போனோம். டிக்கெட்டை ஏகாம்பரம்தான் எடுத்தான்.