தாவரவியலில் ஓர் இடம்

பல்கலைக்கழகத்தின் துறைகள், அலுவலகங்கள், மாணவர் மன்றங்கள் பற்றி நான் எழுதிய வரலாற்று நூல் இன்று அச்சாகி வந்தது. விரித்ததும் பசை வாடை அடித்தது.

சிவகாசியில் எங்கள் வீட்டுக்கும் இதே வாடைதான். அச்சகக் கழிவுத்தாளில் அம்மாவும் அக்காவும் வெடிக்குழாய் சுருட்டுவார்கள். ஒருநாள் பல்கலைக்கழகக் கையேட்டின் தாள்கள் வந்தன. அக்கா அவற்றைச் சுருட்டாமல் வாசித்தாள். அதுவே எங்கள் விளையாட்டானது. நான் பதிவாளர், அவள் மாணவி.

“சார், தாவரவியல்ல ஒரு இடம் குடுங்க சார்.”

“இடமில்ல, போ.”

“ஏலே, வெளையாட்டுக்குக்கூடத் தர மாட்டியாலே?” என்று தலையில் குட்டுவாள்.

பிறகு நான் உண்மையிலேயே பதிவாளர் ஆனேன். அக்கா தன் மகளுக்காக என் அறைக்கு வந்தாள். தாவரவியலில் இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண்ணும் இருந்தது. சொந்தக்காரிக்குக் கொடுத்தான் என்று பேசுவார்களே எனப் பயந்து, இடமில்லை என்றேன். அதை நேர்மை என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

அக்கா குட்டவில்லை. “சரிங்க சார்” என்று எழுந்து போனாள்.

இன்று நூலைக் கொண்டுவந்தவள் அந்த மகள்தான்.

“நான் வேலை பாக்குற கம்பெனியிலதான் பைண்டிங், மாமா. பசை இன்னும் காயல, பாத்துப் பிரிங்க.”