மாமா எடுத்துவிட்ட காடு

எங்கள் மாமா ஆரணி பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பட்டு நெய்கிற ஊர். கல்யாணப் படத்தில் சரிகை பளிச்சென்று தெரியாவிட்டால் பெண் வீட்டாருக்கு முன்னால் சேலை நெய்தவரே சண்டைக்கு வந்துவிடுவார். அதனால் மாமா படம் எடுப்பதைவிடத் திருத்துவதில்தான் கெட்டிக்காரர். பருவை மறைப்பார், கறுப்பை வெளுப்பார், எப்போதோ போய்ச் சேர்ந்த தாத்தாவை வெட்டி ஒட்டிப் பேத்தியின் கல்யாணத்தில் நிற்க வைப்பார்.

நான் ஏழாவது படித்தபோது வனத்துறை அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் காட்டைக் கண்ணால் பார்த்தால்தான் அதைக் காப்பாற்றத் தோன்றும் என்பது அவர் கட்சி. எங்களில் சிலரை வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டுக்கு அழைத்துப் போனார். எல்லோரும் படம் எடுக்க வேண்டும். நல்ல படத்துக்குப் பரிசு, ஒரு புதுக் கேமரா. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா தன் பழைய கேமராவை இரவல் தந்தார், ஆயிரம் பத்திரம் சொல்லி.

காட்டில் ஓயாத மழை. அட்டைகள் என் காலில் குடித்தனமே நடத்தின. கடைசியில் ஒரு சிங்கவால் குரங்கு கிளைக்கவட்டில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. அதிகாரி என் காதோரம் மெல்லச் சொன்னார்: "குரங்கை மட்டும் எடுக்காதேம்மா. அதோட வீட்டையும் சேர்த்து எடு."

இலை, கொடி, பாசி எல்லாம் விழும்படி எடுத்தேன். கேமரா எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

பிலிமை மாமாவிடம் கொடுத்தேன். போட்டியன்று காலை அவர் ஒட்டிய உறையை நீட்டினார். முகத்தில் அத்தனை பெருமை.

"பின்னாடி ஒரே செடிகொடியா மறைச்சிகினு இருந்திச்சி. சுத்தமா எடுத்துட்டேன். இனிமே உன் கொரங்குக்கு ஒரு கொறையும் இல்ல."

பள்ளியில் அதிகாரி உறையைப் பிரித்தார். குரங்கின் முகம் மணப்பெண் முகம்போல் வெளுத்திருந்தது. சுற்றிலும் ஓர் இலை இல்லை. ஸ்டூடியோத் திரையில் வரைந்திருக்கும் தூண்கள், மாடிப்படி. படியின் கைப்பிடிமேல் குரங்கு உட்கார்ந்திருந்தது. பலாச்சுளை பூச்செண்டாகியிருந்தது.

"காடு எங்கேம்மா?"

"மாமா எடுத்துட்டாருங்க."

"ஏன்?"

"மறைச்சிகினு இருந்திச்சாமுங்க."

மனிதர் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே இதுக்கு ஸ்டூடியோவிலதான் இடம் போலிருக்கு" என்றார், யாருக்கென்று இல்லாமல். அந்தப் படத்தைத் தனக்கே தரும்படி என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற பள்ளிகளில் எல்லாம் காட்ட வேண்டுமாம்.

கேமரா, இருவாச்சிப் பறவையின் வாலை மட்டும் எடுத்திருந்த பையனுக்குப் போனது. நான் வழியெல்லாம் அழுதுகொண்டே ஸ்டூடியோவுக்குப் போய், அதிகாரி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வேலை தெரிஞ்ச மனுஷன்" என்று சொல்லி, அன்றைக்கே திரையை இறக்கித் தூசி தட்டினார்.

எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. ஊரெல்லாம் காட்டும் அளவுக்கு அந்த மனிதருக்குப் படம் பிடித்துப்போயிருந்தால், பரிசை ஏன் எனக்குத் தரவில்லை?