முந்நூற்று நாலாம் அறை

தறி ஃபிட்டர் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் மைக் செட். வைத்தது நாத்தனார். அதில் பொய்யும் இல்லை. பதினாறு வருடம் நெசவுக்கூடத்தில், நூறு தறிகள் ஒன்றாகத் தடதடக்கும் இரைச்சலில் வேலை பார்த்தவர். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் ஸ்பேனர் கேட்கவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தக் குரல் வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. "உப்பு தூக்கல்" என்று இவர் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் தன் தட்டைக் குனிந்து பார்ப்பார்.

பிறகு தறி விற்கும் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்து, ஃபிட்டராக்கி வெளியூர் ஆலைகளுக்கும் அனுப்பியது. ஆனால் எப்போதும் மூத்த ஃபிட்டரின் துணையோடுதான். ஒருமுறை மூத்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெருநகரத்து ஆலை ஒன்றில் நாற்பது புதுத் தறிகள் ஓடாமல் நின்றன. மேனேஜர் அரை மனதோடு சம்மதித்தார்.

"பாத்து போயிட்டு வாம்மா. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அதுக்கப்புறம் எந்தப் பொண்ணையும் நான் தனியா அனுப்ப முடியாது."

வீட்டிலும் அதே பாட்டுதான். "தனியாவா?" என்று நாத்தனார் இழுத்த இழுப்பிலேயே தீர்ப்பும் இருந்தது. கணவர் மட்டும் பையின் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டே, "போனதும் ஒரு போன் போடு" என்றார்.

அக்கா ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. பகலிலேயே போய்ச் சேரும் ரயில், முன்பே பதிவு செய்த விடுதி, கைப்பையில் ஒரு விசில் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் கிளம்பினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு விடுதிக்குள் நுழைந்தார். கவுன்டரில் ஐம்பது தாண்டிய ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்து, சிரிப்பதற்குக் கூலி கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். சாவியை ஒரு காகிதத்தில் மடித்துத் தள்ளினார்.

"ரூம் நம்பர் என்னங்க?"

"பேப்பர்ல இருக்கு."

வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அக்கா நினைத்துக்கொண்டார். அதற்குள் கணவரின் போன் வந்தது. அங்கேயே நின்று, பக்கத்தில் நூறு தறிகள் ஓடுவது போலவே கத்திப் பேசினார்.

"வந்துட்டேங்க! முந்நூத்தி நாலு! மூணாவது மாடி, கடைசி ரூம்! இல்லைங்க, நான் மட்டும்தான்! இனிமே காலைலதான் வெளிய போவேன்!"

சோபாவில் இருந்த கட்டம்போட்ட சட்டைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அக்கா கவனிக்கவில்லை. கவுன்டர்க்காரம்மா கவனித்தார். சட்டைக்காரர் டீ குடிக்க வெளியே போனதும், லிப்டுக்குக் காத்திருந்த அக்காவின் பையை வந்து பிடித்துக்கொண்டார்.

"மேல தண்ணி வரல. கவுன்டருக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. அங்க தங்கிக்குங்க."

அது ஜன்னல் இல்லாத அறை. ஒரு கட்டில், பாதி இடத்துக்குத் துவைத்த போர்வைகள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தனியா வந்த பொம்பளைன்னா எதை வேணாலும் தலையில கட்டிடலாமா?"

"சண்டையை நாளைக்குப் போடலாம். உள்ள போய்த் தாழ்ப்பாள் போடுங்க."

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. "நான்தான், கவுன்டர்ல இருக்கிறவ" என்று குரல் வந்த பிறகே அக்கா திறந்தார். நடந்ததை அந்த அம்மாள் நாலே வரியில் சொன்னார். விடுதியின் எலக்ட்ரீஷியனை முந்நூற்று நாலில் உட்கார வைத்திருந்தார். கட்டம்போட்ட சட்டைக்காரர் போய், "டவல் கொண்டு வந்திருக்கேன் மேடம்" என்று தட்டியிருக்கிறார். கையில் டவலும் இல்லை, அவர் விடுதி ஆளும் இல்லை. திறந்தது எலக்ட்ரீஷியன், வாசலையே அடைத்து நிற்கும் ஆள்; பிடித்து வைத்துக்கொண்டார். இப்போது சட்டைக்காரர் காவல் நிலையத்தில் இருக்கிறார்.

அக்கா போர்வைகள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷியையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று வெட்கப்பட்டார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இருக்கணும்க்கா நீங்க. ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் கத்தியிருப்பீங்க."

அழுகைக்கு நடுவே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளும் சிரித்தார். பிறகு ஒரு போர்வையை எடுத்து, மடித்ததையே மறுபடி மடித்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு பொண்ணுக்கு ரூம் நம்பரைச் சத்தமா சொல்லிட்டேன். ஒருத்தன் போய்த் தட்டினான். நல்லவேளை, அவ திறக்கல. ஆனா விடிஞ்சதும் அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். ஏதோ பரீட்சை எழுத வந்தவ, எழுதவே இல்லை. தப்பு பண்ணினது நான், வீட்டுல உட்கார்ந்தது அவ." போர்வையைக் கீழே வைத்தார். "நாளைக்கு நீங்க ஆலைக்குப் போவீங்கல்ல?"

அந்தக் கேள்வியில் இருந்த கெஞ்சல் அக்காவுக்கு வலித்தது.

"போவேன்க்கா. கண்டிப்பா போவேன்."

போனார். நாலே நாளில் நாற்பது தறிகளும் ஓடின. ஊர் திரும்பியதும் கணவரிடமும் மேனேஜரிடமும் ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் அவர் அடுத்துத் தனியாகப் போக வேண்டிய ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தார். இன்று அந்தக் கம்பெனியில் தனியாக வெளியூர் போகும் பெண்கள் ஐந்து பேர். ஒவ்வொருத்தி கிளம்பும்போதும் மற்றவர்கள் பத்திரம், பத்திரம் என்கிறார்கள். அக்கா அந்த அம்மாளை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு, "வேலையை முடிச்சுட்டு வாம்மா" என்கிறார்.