பருப்புக்கு வீக்லி ஆஃப்

ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் கேட்டார்:

"ஏம்மா, நீ தமிழ் எம்.ஏ.வாமே? அப்ப மாசம் ஒரு வெளிநாட்டுக் கவிஞரப் பத்தி அரைப் பக்கம் எழுது. வொர்க்கர்ஸுக்கு மோட்டிவேஷன் வரணும்."

எழுதினேன். கம்பெனிப் பத்திரிகையில் அச்சானதும் அதை பிரேம் போட்டு கேன்டீன் சுவரில் மாட்டுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் மேனேஜரின் அப்ரூவல் வேண்டும். குடித்தே செத்த கவிஞர் அவர் கை பட்டதும் "எளிய உணவுப் பழக்கம் உடையவர்" ஆனார். மூன்று கல்யாணம் செய்தவர் "குடும்பப் பற்று மிக்கவர்". ராஜாவைத் திட்டி ஜெயிலுக்குப் போனவர் "சில காலம் தனிமையில் எழுதினார்". சம்பளம் வாங்குகிறவள் நான், வாயை மூடிக்கொள்வேன்.

தகடு அடிக்கும் பிரெஸ் ஷாப்பில் வேலை செய்யும் முனிராஜ், பக்கத்தில் ஆந்திரா, கர்நாடகா எல்லையோரம் இருக்கும் பேரிகை என்ற ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கவிதை மட்டும் தமிழில். பல வருஷம் கான்ட்ராக்டில் உழைத்து, பெர்மனென்ட் ஆகப் போகிற நேரத்தில், கவிஞர்களின் பிரேம்களுக்குக் கீழே ஒரு தாளை ஒட்டிவிட்டான்:

பருப்பே, நீ எந்த ஷிப்ட்?
என் தட்டுக்கு வரும்போதெல்லாம்
உனக்கு வீக்லி ஆஃப்.

கேன்டீனே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. கேன்டீன் கான்ட்ராக்டர் அவருடைய மச்சான்.

"நாளைக்கே அவன வெளிய அனுப்பணும். லெட்டர் அடிம்மா" என்றார். சானமாவுக் காட்டிலிருந்து ரோட்டுக்கு யானை இறங்கி ஷிப்ட் பஸ் தாமதமானால் எங்கள் கம்பெனியில் மன்னிப்பு உண்டு. சாம்பாரைச் சொன்னால் கிடையாது.

முனிராஜ் என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"பெர்மனென்ட்டுன்னு சொல்லித்தாங்க்கா பொண்ணு குடுத்தாங்க. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கினு மாமனாரு ஊட்டுக்குப் போறது?" என்றவன், குரலைத் தாழ்த்தி, "கவித நல்லா இருந்துச்சாக்கா?" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

லெட்டரை அடிக்கவில்லை. அந்த மாதக் கவிஞர் குறிப்பை எழுதினேன். எல்லைப்புற ஊரில் பிறந்தவர், மும்மொழி அறிந்தவர், இரும்போடு உழைத்தவர். ஆலைச் சாப்பாட்டைப் பற்றி மூன்று வரி எழுதியதற்காக வேலை பறிபோகும் நிலைக்கு வந்தவர். பேரையும் நாட்டையும் போடவில்லை.

மறுநாள் மீட்டிங்கில், பிளான்ட் ஹெட் பக்கத்தில் இருக்க, மேனேஜர் அதை உரக்கப் படித்தார்.

"சூப்பர்மா! மூணு வரிக்காக ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடுவாங்களா? அங்க இருந்தவன் சரியான முட்டாளா இருப்பான்."

"எந்த நாடும்மா இவரு?" என்று கேட்டார் பிளான்ட் ஹெட்.

"பேரிகை சார். நம்ம பிரெஸ் ஷாப், செகண்ட் ஷிப்ட்."

பிளான்ட் ஹெட் விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. முனிராஜுக்கு வார்னிங்கோடு போயிற்று, அந்த மாதமே பெர்மனென்ட்டும் ஆனான். சாம்பாரில் ஒரு வாரம் பருப்பு டியூட்டிக்கு வந்தது. பிறகு பழையபடிதான்.

அந்தக் குறிப்பை மட்டும் பிரேம் போட மேனேஜர் ஒப்பவே இல்லை. "அவன் இன்னும் உயிரோட இருக்கான்லம்மா" என்றார்.

எச்.ஆருக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கவிஞரைப் பற்றி எழுதினால் ஊரை முதலில் சொல்லாதீர்கள். மேலே இருப்பவர் வாய் நிறையப் பாராட்டி முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்கள்.