காவி பூசிய பந்து

என் இடது கண் போனது ஒரு பங்குனி மாத மாலையில், சேலத்து மைதானத்தில். அப்போது நான் ரயில்வே ஹாக்கி அணியில் சென்டர் ஹாஃப். எதிரே ஆடியவர்கள் வெள்ளைக்கல் சுரங்கத்து ஆட்கள். அவர்களுடைய பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் அடிக்கும் பந்து கண்ணில் படாது, கோல் பலகையில் மோதும் சத்தம்தான் கேட்கும் என்பார்கள். அன்று அவர் அடித்த பந்து தரையில் துருத்திக்கொண்டிருந்த கல்லில் பட்டு எழும்பியது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

நான் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவன். இன்னும் சில வருஷத்தில் டிரைவர் ஆகியிருப்பேன். ஒற்றைக் கண்ணனை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலைக்கு மாற்றினார்கள். தூரம் எது, கிட்டம் எது என்பதே குழம்பிவிட்டது. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுந்தது. கதவு நிலையில் தோள் இடிக்காத நாளில்லை. என் மனைவி சிந்திய தண்ணீரைத் துடைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனிதர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். வாசற்படிக்கு உள்ளே போட்டிருந்த முக்காலியில் உட்காருவார்.

“இப்ப வலி இருக்குதுங்களா?”

“இல்லைங்க.”

என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, “அப்ப நா வாரேனுங்க” என்று எழுந்து போவார். அவர் வருவது எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. வரவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிறு அவர் எழுந்து போகாமல் நின்றார். “எங்க ஆளுங்களுக்கு ஆட்டம் சொல்லித்தர ஒருத்தருமில்லீங்க. மேனேஜர்கிட்டக் கேட்டுப்போட்டேன். நீங்க வாறதுன்னாச் சரின்னுட்டாரு.”

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “ஒரு கண்ணை வாங்குனது பத்தலீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார். வரமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மட்டை பந்தில் படும் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. அடுத்த வாரமே ஷெட்டில் வேலை முடிந்ததும் சுரங்கத்துக்கு நடந்தேன்.

சேர்வராயன் மலைக்குக் கீழே, தோண்டிக் கொட்டிய கல் மேடுகளுக்கு நடுவே அவர்கள் மைதானம். தரையெல்லாம் சுண்ணாம்பு கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். அதில் வெள்ளைப் பந்து எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் நாள் போனபோது பந்துக்குக் காவி பூசி வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய விரல்களில் காவி ஒட்டியிருந்தது.

கல் உடைக்கிறவர்கள், தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள். எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஓட்டத்தில் யாருக்கும் குறைவில்லை. பந்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடத்தான் மனம் வராது. அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். கண்ணால் அளக்க முடியாததைக் காதால் அளக்கப் பழகினேன். மட்டையில் பந்து படும் சத்தமே அது எங்கே போகும் என்று முக்கால்வாசி சொல்லிவிடும்.

அந்தச் சத்தத்தில்தான் அவருடைய குறையைக் கண்டுபிடித்தேன். அவர் அடிப்பதே இல்லை. தள்ளினார். கோலை நோக்கி நேராக அடிக்கக் கிடைக்கும் பெனால்டி கார்னர் வந்தால் ஓடிவந்து மட்டையை ஓங்குவார். எதிரே ஆள் நின்றால் மணிக்கட்டு தளர்ந்துவிடும். தனியாக அழைத்துக் கேட்டேன்.

“எதுக்கால ஆள் நின்னாக் கை ஓட மாட்டேங்குதுங்க. உங்க மொகந்தான் தெரியுது.”

நான் கோலில் நிற்கிறேன், என்னைப் பார்த்து அடியுங்கள் என்றேன். மட்டையைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அதை நான் மறுபடி கேட்கவில்லை. அவர் திரும்பி வந்ததும் காலில் தடுப்புப் பட்டைகளைக் கட்டி அவரையே கோலில் நிறுத்தினேன். மற்றவர்களை முழு பலத்தோடு அடிக்கச் சொன்னேன். தொடையிலும் மார்பிலும் பந்து பட்டுக் கன்றிப்போயிற்று. ஒரு சொல் முனகவில்லை. தண்டனை என்று நினைத்து வாங்கிக்கொள்கிறாரோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் பட்டைகளை அவிழ்த்தபடி சொன்னார்: “கோல்ல நிக்கறவனுக்கு ஆள் தெரியறதில்லீங்க, பந்து ஒண்ணுதான் தெரியுது. இது இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சு.” மறுநாள் பேக் இடத்துக்கு அவராகவே போய் நின்றார்.

அந்த வருஷம் என் பழைய ரயில்வே அணியோடு ஆட்டம் வந்தது. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடியும் தறுவாயில் எங்களுக்குப் பெனால்டி கார்னர். அவர் அடித்தார். எனக்குப் பந்து தெரியவில்லை. சத்தம் தெரிந்தது, நான் கண்ணை இழப்பதற்கு முன் கேட்ட அதே சத்தம். கோல்கீப்பர் முழங்காலைக் கொடுத்துத் தடுத்துவிட்டு அப்படியே சரிந்தார். இவர் மட்டையை எறிந்துவிட்டு ஓடி, அவர் காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. எந்திரிச்சுப் போய் நில்லுங்க,” என்றார் கோல்கீப்பர்.

நாங்கள் தோற்றோம். ஆனாலும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவருக்குக் கை ஓடாமல் போனதை முன்பே என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அடிச்சீங்களா?”

“அடிச்சனுங்க.”

“சோறு உண்டுட்டுப் போங்க.”

அவர் வெகுநேரம் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கை வைத்தார்.

யுத்தம் வந்த பிறகு சுரங்கத்தில் இராப் பகலாக வேலை. ஆடுவதற்கு ஆள் சேரவில்லை, மட்டைகளும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில்தான் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அவர் போய்விட்ட செய்தி வந்து நாங்கள் அவர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுக்கத் தயாராகிவிட்டார்கள். பங்காளிகள் தூக்கினார்கள். அவர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் யார் என்று தெரிந்துகொண்டு, பாடையின் ஒரு முனையை எனக்கு விட்டுக்கொடுத்தார். வண்டித் தடம் குண்டும் குழியுமாக இருந்தது. நான் கால் இடறிவிடக் கூடாதென்று என் மனைவி சுடுகாட்டு எல்லை வரை என் இடது பக்கமாகவே நடந்து வந்தாள்.