சரோஜம்மா வீட்டு வெள்ளம்

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, துணி துவைத்துக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் ஒரு முக்கல் முக்கிவிட்டு நின்றது. நின்றதோடு விடாமல் கதவையும் பூட்டிக்கொண்டது. பாதிக் கண்ணாடி வரைக்கும் சோப்புத் தண்ணீர். அதற்குள் சரோஜம்மாவின் இரண்டு வேலைக் கோட்டுகளும், ஆறுச்சாமியின் மூன்று சட்டைகளும், ஒரு கட்டில் விரிப்பும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி கிடந்தன. மேலே ஓர் இங்கிலீஷ் எழுத்தும் ஓர் எண்ணும் சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தன.

சரோஜம்மா கதவை இழுத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். பிறகு திரும்பி, காலை டியூட்டி முடிந்து வந்து பேப்பர் விரித்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“பாக்கெட்டுல என்ன வச்சிருந்தீங்க?”

ஒன்றும் இல்லை என்றார் ஆறுச்சாமி. அவள் நம்பவில்லை. அவர் சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம், சேப்டி பின், பஸ் டிக்கெட் என்று எதையாவது மறந்துவைப்பது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. அன்று மத்தியானச் சோறு வரைக்கும் அவர் பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார்.

ஆறுச்சாமியின் தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொச்சி முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். அப்போதிருந்து குடும்பத்தில் யாராவது ஒருவர் நகரசபை வேலையில் இருந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போது இரண்டு பேர். ஆறுச்சாமி குப்பை வண்டியில். சரோஜம்மாவுக்கு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெரு. டூரிஸ்ட் பஸ்கள் வருவதற்குள் பழம்பொருள் கடை வாசல்களையும் மசாலாக் கிடங்கு வாசல்களையும் கூட்டி முடித்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுகிறாள். அவள் கூட்டிய இடத்தில் சூப்பர்வைசர் வந்து குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் ஒரு காரியத்தில் அவளோடு யாரும் ஒத்துப்போக முடியாது. காலையிலேயே மஸ்டர் வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். சரோஜம்மா மட்டும் வேலை முடிந்த பிறகுதான் போடுவாள். செய்யாத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்பாள். மூன்று சூப்பர்வைசர்கள் மாறிவிட்டார்கள். அவள் மாறவில்லை.

மெஷின் நாலு மாதம் முன்பு ஓணம் ஆஃபரில் வந்தது. களமசேரியில் ஒரு கம்பெனியில் வேலைபார்க்கும் மகள் அஞ்சுதான் போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கினாள். ஆகவே போனிலேயே புகாரும் சொல்லலாம் என்று முடிவாயிற்று. நம்பரைப் போட்டதும் ஒரு குரல் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. மலையாளத்தை அமுக்கச் சொன்னாள் அஞ்சு. அவளுக்கு மலையாளம்தான் எழுதவும் படிக்கவும் சௌகரியம். ஆனால் தமிழுக்கு ஒரு நம்பர் இருக்கிறது என்று கேட்டதுமே சரோஜம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நம்ம பாஷையிலேயே சொல்லலாம் என்றால் எதற்கு விடவேண்டும் என்று தமிழை அமுக்கினாள்.

தங்கள் பிரச்சினையைச் சுருக்கமாகக் கூறவும் என்றது குரல். மனுஷக் குரல் இல்லை, மெஷின் குரல்.

சரோஜம்மா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “வாதில் தொறக்கலை. உள்ள முழுக்க வெள்ளம். வெள்ளம் வெளிய போகவே இல்லை.”

குரல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ரொம்ப மரியாதையாகப் பேசியது. “தங்கள் புகார், வெள்ளச் சேதம் எனப் பதிவு செய்யப்பட்டது. இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் பழுதுகள் உத்தரவாதத்தில் அடங்காது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பாதுகாப்பாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.”

சரோஜம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து குடிப்பதும் குளிப்பதும் வெள்ளம்தான். கொச்சியில் தமிழ்க்காரர்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு. அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஊரையே அடித்துக்கொண்டு போகிற அர்த்தம் என்பது அஞ்சுவுக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாயா சிந்தியது.

சிரிப்பு சாயங்காலம் வரை தாங்கவில்லை. அடுத்து மலையாளத்தை அமுக்கிக் கேட்டார்கள். இந்த நம்பரில் ஏற்கெனவே ஒரு புகார் இருக்கிறது, அது மூடப்படாமல் அடுத்த புகார் எடுக்க முடியாது என்றது அந்தக் குரல். மனுஷரிடம் பேசவேண்டும் என்றதற்கு அரை மணி நேரம் வீணை வாசித்துவிட்டுத் துண்டித்தது. அஞ்சு கம்பெனியின் ஆப்பில் போய் எழுதிப் பார்த்தாள். வெள்ளம் சூழ்ந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சமையலறைத் தரையைப் படம் எடுத்து அனுப்பினாள். அன்று காலைதான் சரோஜம்மா அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். படத்தில் வெள்ளம் தெளிவாக இல்லை, வெளிச்சமான இடத்தில் நின்று மீண்டும் எடுக்கவும் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணாடிக்குள் துணி ஊறியது. கீழ்வீட்டு தன்யா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மீன் வளர்க்கலாமே சேச்சி என்றாள். சரோஜம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆறுச்சாமி மட்டும் சிரிக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கம்பெனி மெக்கானிக் ரதீஷ் வந்தான். வைப்பின் தீவுக்காரன். படகு பிடித்துவந்து, மட்டாஞ்சேரி வெயிலில் பையைச் சுமந்து, குவார்ட்டர்ஸின் இரண்டு மாடியும் ஏறிவந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தமிழ்க்காரர்களோடு வேலைபார்த்த பழக்கத்தில் தமிழ் ஓரளவு வரும். மெஷினை ஒரு தடவை பார்த்தான். பிறகு தன் போனைப் பார்த்தான். போனைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

அவனுக்கு வந்திருக்கும் புகார் வெள்ளச் சேதம். அதில் அவன் மெஷினைத் தொடக்கூடாது. வந்து பார்த்தேன் என்று எழுதி, வீட்டுக்காரருக்கு வரும் ஓடிபியை வாங்கி, புகாரை மூடிவிட்டுப் போகவேண்டும். பிறகு அவர்கள் புதுப் புகார் கொடுத்துக்கொள்ளலாம். அது வேறொரு நாளில் வேறொருத்தருக்குப் போகும்.

“சேச்சி, ஓடிபி மாத்திரம் சொன்னா மதி, போதும். ஞான் போயிடுவேன்.”

சரோஜம்மாவின் போனில் ஆறு எண் வந்து விழுந்திருந்தது. அவள் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த நம்பரைச் சொன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், இல்லையா?”

ஆமாம் என்றான்.

“முடிஞ்சிருக்கா?”

ரதீஷ் மெஷினைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான்.

“அப்போ நீ இங்கன உக்காரு, மோனே. கப்பைக் கிழங்கு வெந்துட்டு இருக்கு. வேலை முடியட்டும், நானே நம்பரைத் தரேன்.”

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் ரதீஷுக்குச் சங்கடம். கத்துகிற வீடுகளை அவனுக்குத் தெரியும்; கத்தி முடித்துவிட்டு ஓடிபியைத் தந்துவிடுவார்கள். இந்த அம்மாள் கப்பையும் மீன்குழம்பும் போட்டு எதிரே உட்கார்ந்து, அவனுடைய வீடு வைப்பினில் எந்தப் பக்கம், அம்மாவுக்கு முட்டுவலி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஓடிபி இல்லாமல் போனால் அவனுக்கு அன்றைய கணக்கில் ஒரு வேலை குறையும், நட்சத்திரம் குறையும். அதையும் சொன்னான். அதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவனை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினாள்.

“இது ரெண்டாவது மாடி. இங்க வெள்ளம் ஏறியிருந்தா மட்டாஞ்சேரியே கடலுக்குள்ள கிடக்கும். நீ எப்படி நடந்து வந்தே? இதை உங்க ஆபீஸ்ல சொல்லு.”

ரதீஷுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. பணிக்காரர்கள் மட்டும் கூப்பிடுகிற நம்பர் ஒன்று அவனிடம் இருந்தது. கூப்பிட்டான். இரண்டு பேரிடம் கைமாறி, கடைசியில் தமிழ்ப் பிரிவில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. செல்வலட்சுமி என்று பெயர் சொன்னாள். ரதீஷ் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

அவள் முதலில் எழுதிவைத்ததையே படித்தாள்: வெள்ளம், இயற்கைச் சீற்றம், உத்தரவாதம் இல்லை. சரோஜம்மா குறுக்கிட்டு, தங்கள் ஊரில் குடிக்கிறதுக்கும் வெள்ளம் என்றுதான் சொல்வது, மெஷின் குரல் அதை வேறாக எடுத்துக்கொண்டது என்று விளக்கினாள்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். அந்தப் பெண் சிரிப்பை அடக்குகிறாள் என்று, அன்றைக்கு லீவு போட்டிருந்த அஞ்சு சைகை காட்டினாள்.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் பாலக்காட்டுல ஒருத்தர் இப்படியேதான் சொன்னாரு. நான் அவரைப் படகுல ஏறிட்டீங்களான்னு கேட்டுட்டேன்.”

புகாரை மாற்ற அவளால் முடியும். ஆனால் வாடிக்கையாளர் தன் வாயாலேயே மறுபடி சொல்லவேண்டும், அது பதிவாகும். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

சரோஜம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “வாதில்... இல்ல, கதவு தொறக்கலை. உள்ள தண்ணீ நிக்குது. தண்ணீ.”

இரண்டு நிமிஷத்தில் ரதீஷின் போனில் புகார் மாறியது. அவன் மெஷினின் கீழ்மூலையில் இருந்த சின்ன மூடியை நெம்பித் திறந்து, தட்டு வைத்து, உள்ளேயிருந்த திருகைத் தளர்த்தினான். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. தட்டு போதாமல் அண்டா வந்தது. அண்டாவும் நிறைந்து ஆறுச்சாமி வாளியோடு ஓடினார். தண்ணீர் முழுக்க இறங்கியதும் கதவு தானாக டிக்கென்று விட்டுக்கொடுத்தது. வடிகட்டியை உருவியபோது அதில் மஞ்சளாக ஒன்று சிக்கியிருந்தது. ரதீஷ் இடுக்கியால் இழுத்து எடுத்து நீட்டினான்.

ரப்பர் கையுறையின் ஒரு விரல். வேலைக் கோட்டுப் பையில் சரோஜம்மா மடித்துவைக்கிற கையுறை.

 ஆறுச்சாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“என்னோட தப்புதான்,” என்றாள் சரோஜம்மா. “ராத்திரிக்குக் கருவாடு வறுக்கிறேன்.”

அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

வாரண்டியில் இது வருமா என்று அவளே ரதீஷிடம் கேட்டாள். வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதிக்கொண்டிருந்தவன், இதுக்கெல்லாம் ஒன்றும் இல்லை சேச்சி என்றான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லி, அஞ்சுவைக் கொண்டே ஒருதரம் திறந்து மூடவும் வைத்தான். மெஷினை வெறுமனே ஒரு சுற்று ஓடவிட்டு, தண்ணீர் முழுக்க வெளியே போவதைச் சரோஜம்மா குனிந்து நின்று பார்த்தாள். அதற்கப்புறம்தான் போனை எடுத்தாள். முதலில் வந்த எண்ணுக்கு ஆயுசு முடிந்திருந்தது. புதிதாக ஒன்று வரவழைத்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். வைப்பினுக்கு அடுத்த படகுக்கு இருபது நிமிஷம் இருந்தது. மீதிக் கப்பையை வாழையிலையில் கட்டி, அம்மாவுக்கு என்று அவன் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஜூ டவுனில் கிழக்குப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அதே மெஷின் குரல். வந்த பணியாளருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தரச் சொன்னது. சரோஜம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஐந்தை அமுக்கினாள். சரியாக விழுந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரமும் அமுக்கினாள். அடுத்தபடியாக, எங்கள் சேவையைப் பற்றித் தங்கள் கருத்தைப் பீப் ஒலிக்குப் பிறகு கூறவும் என்றது.

சொல்ல நிறைய இருந்தது. மசாலாக் கிடங்குக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியவாறு நின்று கேட்கிற அளவுக்கு, சனிக்கிழமையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். செல்வலட்சுமி நல்ல பிள்ளை, அவளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றும் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் முதல் டூரிஸ்ட் பஸ் முனையில் திரும்பிவிட்டது. பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே இடுப்பில் சொருகிக்கொண்டு, மீதியிருந்த நாலு கடை வாசலை வேகவேகமாகக் கூட்டத் தொடங்கினாள்.