ரூபி அக்கா அழிக்காத நடுக்கம்

ரூபி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நாம் எல்லாரும் கை தட்டினோம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நம் ஆட்கள் யாராவது வெளியே போய் இன்னும் மோசமாகச் சொல்லி வைப்பார்கள்.

காலைக் காப்பி நேரம். தாம்பரம் சுற்றுவட்டாரத்து மேஜிக்காரர்களும் பொம்மை பேச வைப்பவர்களும் பலூன் முறுக்குபவர்களும் இருக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில், அக்காவின் எண்ணிலிருந்தே அந்தச் செய்தி வந்தது. “ரூபி இன்று காலை இறந்துவிட்டாள். அடக்கம் நாளை. சாலமன்.” சாலமன் சார் அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு சொல் அதிகமாக எழுதமாட்டார். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் பதறியிருக்கும். நம் கதை வேறு. போன வருஷம்தான் நம்முடைய இந்திரஜாலம் இளங்கோ தன் படத்துக்குத் தானே மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு போஸ்டரைக் குழுவில் போட்டார். நாம் அழுது, ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவு திறந்தது. கோட்டும் சூட்டுமாக இளங்கோ வெளியே வந்து குனிந்து வணக்கம் வைத்தார். செத்துப் பிழைக்கும் புது நிகழ்ச்சிக்கு அது விளம்பரமாம். அந்தப் போஸ்டரைச் செய்து தரமாட்டேன் என்று ரூபி அக்கா அவரை விரட்டியிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆகவே இது அக்கா இளங்கோவுக்குக் கொடுக்கும் பதிலடி என்று நினைத்துவிட்டோம். அன்று காலை குழு முழுக்கக் கை தட்டும் படங்கள். “செம அக்கா! எப்ப ரிட்டர்ன்?” என்று ஒருவர். “என் ஐட்டத்த என்கிட்டயே போடுறீங்களா?” என்று இளங்கோ. பொம்மைக் கலைஞர் ராமமூர்த்தி தன் பொம்மை சிட்டுவின் கீச்சுக்குரலில், “நான் நம்ப மாட்டேனே!” என்று ஒரு குரல்பதிவு அனுப்பினார். நானும் இரண்டு கைதட்டல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது. சாலமன் சார்.

“பாஸ்கர், எல்லாரும் ஏன் கை தட்டுறாங்க?” என்று கேட்டார்.

அவர் குரலில் கோபமே இல்லை. புரியாமல்தான் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அக்கா வீடு இருக்கும் பீர்க்கன்கரணைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனதுதான் நினைவிருக்கிறது.

அக்காவை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இந்த நினைவு மலரைப் படிக்கிற வெளி ஆட்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் அரசியல் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் பேனர் செய்துகொண்டிருந்தவர். ராமமூர்த்தி ஒரு நாள் பெட்டியும் பொம்மையுமாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். “எனக்கு ஒரு லோகோ வேண்டும்” என்று அவர் சொல்ல, “எனக்குத் தனியா ஒண்ணு வேணும், இவன் மூஞ்சியோட என்னச் சேர்க்காத” என்று சிட்டு சொல்லியிருக்கிறது. அக்கா ராமமூர்த்தியைப் பார்க்கவே இல்லையாம். சிட்டுவைப் பார்த்து, “உனக்கு இன்னா கலர் புடிக்கும்?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவர் நம்ம ஆள். இன்றைக்கும் ராமமூர்த்தியின் வலைத்தளத்தில் சிட்டுவைப் பற்றித்தான் பெரிய பக்கம். ராமமூர்த்தி கடைசியில், ‘உதவி’ என்ற தலைப்பின் கீழ் வருவார்.

கடையை விட்டு வீட்டிலேயே வேலையை ஆரம்பித்த பிறகு அக்கா சில சட்டங்கள் வைத்திருந்தார். தொப்பி கிடையாது, முயல் கிடையாது, எரிகிற எழுத்து கிடையாது. யாராவது மண்டையோட்டுப் படத்தோடு வந்தால், “இது லோகோவா, லாரியோட பின்பக்கமா?” என்பார். முயல் வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவரிடம், “உன் ஷோல முயல் கீதா?” என்று கேட்டார். இல்லை என்றார் அவர். “அப்போ எதுக்கு? பர்த்டேக்குக் கூப்புட்ட வூட்ல பசங்க முயல் கேட்டு அழுதா நீ இன்னா பண்ணுவ?”

இளங்கோவின் வலைத்தளக் கதையை இளங்கோவே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார் என்பதால் நானும் சொல்லலாம். பக்கம் திறந்ததும் அவருடைய ஃபோன் நம்பர் புகைக்குள் மறைய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “மேஜிக்னா மறையணும் அக்கா!” என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “சரி, உன் இஷ்டம்” என்று செய்து கொடுத்தார். நம்பர் அழகாக மறைந்தது. இளங்கோவின் ஃபோனும் அழகாக மௌனமாகிவிட்டது. கோடை விடுமுறை முழுக்க ஒரு பிறந்தநாள்கூட வராமல், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போய்வந்தார். திரும்பி வரும் வழியில் அக்கா வீட்டுக்கு வந்து புலம்பியபோது, “முட்டைய மறைச்சிக்கோ, புறாவ மறைச்சிக்கோ. நம்பர மறைச்சா சோத்த மறைச்ச மாதிரிடா” என்று சொல்லி, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் புகையை எடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் படங்களையெல்லாம் கணினியில் பெரிதாக்கிச் சுத்தம் செய்தவர் அவர். எந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறது, எந்த மேசைக்குப் பின்னால் எது நிற்கிறது என்று நம் ஒவ்வொருவருடைய ரகசியமும் அவருக்குத் தெரியும். மேஜிக்காரன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத விஷயங்கள். ஒரு தடவை அவருடைய திரையில், இளங்கோவுக்கு மேடையில் உதவியாக வரும் பெண் அந்தரத்தில் மிதக்கும் படத்தைப் பார்த்தேன். பத்து வருஷமாக எனக்கு விளங்காத வித்தை அது. நைசாக, “இந்தம்மா எப்படிக்கா மிதக்குறாங்க?” என்று கேட்டேன். “எனக்கு எப்படித் தெரியும்? நான் அழிச்சதுக்கப்புறம் அங்க ஒண்ணுமே இல்லியே” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது ‘மாயச் சக்கரவர்த்தி’ பாஸ்கர். கிரீடம் வைத்த படம், பின்னால் மின்னல். சக்கரவர்த்திக்குக் கொஞ்ச நாளாகவே அழைப்புகள் குறைந்துகொண்டு வந்தன. நாவலூர் அடுக்குமாடிகளில் என்னை வருஷா வருஷம் கூப்பிட்டவர்கள், “இந்த வாட்டி பப்பெட் ஷோ வச்சிக்கலாம்னு இருக்கோம் அங்கிள்” என்றார்கள். எல்லாம் வலைத்தளம் பழசானதால் வந்த வினை என்று முடிவுகட்டி அக்காவிடம் போனேன். மின்னல் பத்தாது, இடியும் வேண்டும் என்றேன்.

“மொதல்ல உன் ஷோவப் பாக்கணும்” என்றார். யாருக்குச் செய்வதாக இருந்தாலும் அவர் அப்படித்தான். பெருங்களத்தூரில் ஒரு பிறந்தநாளுக்கு வந்தார். தரையில், குழந்தைகளுக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கைக்குட்டையை மறைத்தேன், நாணயத்தை வரவழைத்தேன், ஒன்றையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பாதியில் என் கையிலிருந்து சீட்டுக்கட்டு நழுவித் தரையெல்லாம் சிதறியது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

பிறகு நான் கொடுத்த படங்களை வைத்துக்கொண்டு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஏரிப் பக்கத்து ஜன்னலோரம் கணினி. சாலமன் சார் டீ கொண்டுவந்து வைத்தார்.

“பாஸ்கரு, எல்லா போட்டோலயும் மூஞ்சி தெளிவா கீது. கை மட்டும் கலங்கிக் கீது. ஏன்?”

“வேகம் அக்கா. கண்ணுக்கே தெரியாது, கேமராவுக்கு எங்க தெரியப் போவுது?” என்றேன்.

அவர் ஒரு படத்தைத் திறந்தார். “இதுல நீ கேக் சாப்புட்டுகினு இருக்க.”

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வருஷமாக என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே திரிந்தேன். இந்த வயதில் இவருக்கு என்ன ஸ்டைல் என்று என் மனைவி நினைத்துக்கொள்வாள் என்று இருந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. அது என் பேச்சைக் கேட்கவில்லை. பயத்தில் தூக்கம் போயிருந்தது. இனிமேல் குழந்தைகள் முன்னால் நிற்கவே முடியாது என்ற பயம். அதை அன்றைக்கு அக்காவிடம் சொல்லி, “இளங்கோவுக்கு என்னவோ அழிச்சீங்களே, அந்த மாதிரி எனக்கும் அழிச்சிக் குடுங்கக்கா” என்று கேட்டேன்.

“அவன்கிட்ட அழிச்சது வித்த. இது உன் கை” என்றார். “நான் இங்க அழிச்சிட்டா நேர்ல யாரு வந்து அழிப்பா?”

மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னார். போனேன். உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம்தான், மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து அக்கா புது லோகோவை அனுப்பினார். ஒரு மேஜிக்காரன் தன் அங்கிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறான். இரண்டு கண்கள், அங்கியைப் பிடித்திருக்கும் விரல்கள். விரல்களைச் சுற்றி, கை நடுங்குகிறது என்று காட்டும் சின்னச் சின்ன வளைகோடுகள். கீழே: பயந்தாங்கொள்ளி பாஸ்கர்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய், “சக்கரவர்த்தியா இருந்தவன இப்படி ஆக்கிட்டீங்களே அக்கா!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்றுவிட்டது.

“சக்கரவர்த்தி கை ஆடினா பசங்க சிரிப்பாங்க. பயந்தாங்கொள்ளி கை ஆடினா பசங்க உன் கட்சி” என்றார் அக்கா. “அன்னிக்கி பெருங்களத்தூர்ல சீட்டு கீழ வுழுந்துச்சே, நீ எதப் பாத்த?”

“சீட்டத்தான் பாத்தேன்.”

“நான் பசங்களப் பாத்தேன். ஒரு பொண்ணு பொறுக்கிக் குடுக்க எழுந்துச்சு. அய்யோ பாவம், இவர நாமதான் காப்பாத்தணும்னு அது மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு. நீ வேணாம்னு கைய ஆட்டி உக்கார வச்சிட்ட. உன் லோகோ அந்தப் பொண்ணு மூஞ்சில இருந்துச்சுடா.”

அவர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே பள்ளிக்கரணையில் ஒரு பிறந்தநாளில் அதைச் செய்து பார்த்தேன். மந்திரக்கோலை எடுத்ததும் நானே பயந்து பின்வாங்கினேன். முட்டையைப் பார்த்து அலறினேன். சீட்டு கையில் ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன். முதலில் ஒரு குட்டிப்பயல், “பயப்படாதீங்க அங்கிள், அது வெறும் சீட்டு” என்றான். அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். ஒரு குழந்தை என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் சீட்டை வரவழைத்தேன். முப்பது வருஷ சக்கரவர்த்தி வாழ்க்கையில் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. விழா வீட்டு அம்மா தட்டில் இரண்டாவது பிரியாணி வைத்தார். அது நம் தொழிலில் எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்குத் தெரியும்.

வலைத்தளம் செய்யும்போது எனக்கு உற்சாகம் தலைக்கேறி, “புக்கிங் பட்டனையும் நடுங்க விடுங்கக்கா” என்றேன். “நீ ஆடு. பட்டன் ஆடக் கூடாது” என்றார். பிறகு நான் எழுந்து போகும்போது, “ஊரான் வூட்டுப் பசங்களுக்கெல்லாம் உன் கை நடுங்குறது தெரியும். உன் பொண்டாட்டிக்குத் தெரியாதா?” என்றார்.

அன்று வீட்டில் சொன்னேன். “நீங்க சாம்பார் ஊத்திக்கிற அழகப் பாத்தா தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வருஷமா இருக்கேன்” என்றாள் என் மனைவி. பெரிய வித்தைக்காரன் மாதிரி இதை அவளிடமிருந்து மறைத்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு நாம் எல்லாரும் போயிருந்தோம். கைதட்டியதற்காக இளங்கோ சாலமன் சார் காலில் விழுந்தார். “விடுப்பா, அவ பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா” என்று சார் அவரைத் தூக்கிவிட்டார். சிட்டு இருந்த பெட்டியை ராமமூர்த்தி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். “சிட்டு ஒண்ணும் சொல்லலியா?” என்று சார் கேட்டபோது, ராமமூர்த்திக்கு இரண்டு குரலில் ஒரு குரலும் வரவில்லை.

ஜெபம் முடிந்து மண் போட வரிசையாகப் போனோம். என் முறை வந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மாத்திரை போட்டிருந்தும் அன்றைக்குக் கை மிக மோசமாக ஆடியது. பாதி மண் குழிக்குள் விழுந்தது, மீதி எதிரே நின்ற இளங்கோவின் பளபளக்கும் ஷூமேல் விழுந்தது. இளங்கோ காலை நகர்த்தவில்லை. அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் அவசரமாக வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்.

“விடுங்க,” என்றார் சாலமன் சார். “அவரே போடுவார்.”

இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, வெட்கம் வரவில்லை. ரூபி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கைதான். இதை நான் இப்போது பாக்கெட்டில் வைப்பதில்லை.